கேட்டதும் வெட்டியதும்

கேள்வி: கிண்டியில் மைனிங் முடித்துவிட்டேன். இனிமேலும் பரீட்சையா?
– புதுப் பட்டதாரி, கடலூர்

பதில்: பட்டம் சுரங்க வாசல்வரை கொண்டுவந்து விடும். பெரிய சுரங்கத்தில் மேலாளர் நாற்காலி வேண்டுமென்றால் தன்பாத்தில் இருக்கும் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் முதல் வகுப்புச் சான்றிதழை எழுதி வாங்க வேண்டும். நிலக்கரிப் பக்கம் என்றால் வாயுப் பரிசோதனை, முதலுதவிச் சான்றிதழ்களும் கையில் இருக்கவேண்டும். பேனாவை மூடாதீர்கள்.

கேள்வி: திறந்தவெளிச் சுரங்கத்துக்கு மட்டும் சான்றிதழ் வாங்கினால் போதாதா?
– சிக்கனக்காரர், விருத்தாசலம்

பதில்: நெய்வேலியிலேயே ஓய்வு பெறுவதாக முடிவு செய்திருந்தால் தாராளமாகப் போதும். அதை வைத்துக்கொண்டு ராணிகஞ்சில் பூமிக்கடியில் மேலாளர் ஆக முடியாது. உலோகச் சுரங்கத்துக்குத் தாவ நினைத்தால் அதற்கும் தனிச் சான்றிதழ்.

கேள்வி: இருபத்தைந்து வருஷமாக மண்ணைப் பார்க்கிறேன். லேப்டாப்போடு வரும் பையன் எனக்கு என்ன சொல்லித்தரப் போகிறான்?
– சீனியர், நெய்வேலி

பதில்: சரிவு எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்று ரேடார் சொல்வதைப் படிக்கச் சொல்லித்தருவான். உங்கள் ஊரே படித்துப் படித்து வளர்ந்ததுதானே! 1957-இல் தோண்ட ஆரம்பித்து, 1961-இல்தான் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. படுகைக்கு அடியில் ஊற்றுநீர் அழுத்தத்தோடு காத்திருக்கிறது; ராத்திரி பகலாகப் பம்பு ஓடாவிட்டால் சுரங்கத்தின் தரையே பொத்துக்கொள்ளும். ஜெர்மனியிலிருந்து வந்த சக்கர வாளி இயந்திரங்களின் பற்களைக் கடலூர் மணற்கல் தேய்த்துத் தள்ளியது. வெடிவைத்து இளக்கிய பிறகே வெட்ட வேண்டியிருந்தது. இதெல்லாம் எந்த ஜெர்மன் புத்தகத்தில் இருந்தது? பையனுக்கு அந்தப் பாடத்தை நீங்கள் நடத்துங்கள், ரேடாரை அவன் நடத்தட்டும்.

கேள்வி: எங்கள் இடத்தில் புத்தாக்கப் பயிற்சி என்றால் ஒரு கையெழுத்து, ஒரு சமோசா. சட்டம் என்ன சொல்கிறது?
– பெயர் வேண்டாம்

பதில்: சமோசாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தொழிலாளிக்கு ஐந்து ஆண்டுக்குள் ஒருமுறை மறுபயிற்சி என்கின்றன 1966-ஆம் ஆண்டின் தொழிற்பயிற்சி விதிகள். வகுப்பை உருப்படியாக நடத்தவேண்டிய பொறியாளரே கடைசி பெஞ்சில் தூங்கினால் விதி என்ன செய்யும்?

கேள்வி: பயிற்சிக்கு ஒரே ஒரு பாடப்புத்தகம் என்றால் எதைச் சொல்வீர்கள்?
– பயிற்சி அதிகாரி, சேலம்

பதில்: விபத்து விசாரணை அறிக்கை. 1975 டிசம்பர் 27, சாஸ்நாலா: தேங்கிக்கிடந்த தண்ணீர் உடைத்துக்கொண்டு சுரங்கத்துக்குள் பாய்ந்தது, 375 பேர் போனார்கள். 2016 டிசம்பர் 29, ஜார்க்கண்டின் ராஜ்மஹல் சுரங்கம்: குவித்த மண் சரிந்து 23 பேர். கைவிட்ட பழைய சுரங்கத்துக்கு 60 மீட்டருக்குள் நெருங்க முன் அனுமதி வேண்டும் என்ற விதியைப் பரீட்சைக்காக எல்லாருமே மனப்பாடம் செய்கிறோம். அந்த 60 மீட்டரில் எத்தனை உயிர் அடங்கியிருக்கிறது என்பதை அறிக்கைதான் சொல்லும்.

நடத்தும் முறை சுலபம். கடைசிப் பக்கங்களை மறைத்துவிட்டு வரைபடத்தையும் ஷிப்ட் குறிப்புகளையும் மட்டும் கொடுங்கள். "எந்த ஷிப்டில் வேலையை நிறுத்தியிருப்பீர்கள்?" என்று கேளுங்கள். "மாத இலக்கு பாக்கி இருக்கிறதே" என்று ஒருவர் இழுப்பார். சமோசாவை நிறுத்திவிட்டு அவரிடமிருந்து வகுப்பைத் தொடங்குங்கள்.

கேள்வி: 'மிஷன் ராணிகஞ்ச்' பார்த்தேன். பயிற்சிக் கணக்கில் சேருமா?
– சினிமாப் பிரியர், மதுரை

பதில்: பாட்டுகளைக் கழித்துக்கொண்டு சேர்க்கலாம். 1989 நவம்பரில் மஹாபீர் சுரங்கத்தில் வெள்ளம். மேலிருந்து துளை போட்டு, ஓர் இரும்புக் கூண்டைச் செய்து இறக்கி, 65 பேரை மீட்டார்கள். சுரங்கப் பொறியாளர் ஜஸ்வந்த் சிங் கில் தானே கூண்டில் ஏறி உள்ளே போனார். தன்பாத்தில் படித்தவர். கூண்டு எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.

கேள்வி: பெண் பொறியாளர்கள் பூமிக்கடியில் போகலாமா?
– மாணவி, திருச்சி

பதில்: 2019 முதல் தொழில்நுட்ப, மேற்பார்வை, நிர்வாகப் பணிகளுக்குப் போகலாம். "இங்கே உங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்கும் மேலதிகாரிக்குத்தான் மறுபயிற்சி பாக்கி.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு மேலாளர் எதற்கு?
– ஐ.டி. ஊழியர், சென்னை

பதில்: மீத்தேன் 1.25 சதவீதம் தாண்டினால் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். கருவி சரியாகக் கத்தும். "அது பழுது, நீ வேலையைப் பார்" என்று சொல்ல எப்போதும் ஒருவர் இருப்பார். அவர் கையைப் பிடிக்க ஆள் வேண்டாமா?