எட்டு ஜிபி எங்கே போச்சு?

கேள்வி: பழைய லேப்டாப்பில் 1 டிபி ஹைபிரிட் டிரைவ் மாட்டினேன். பெட்டியில் '8 ஜிபி ஃபிளாஷ்' என்று போட்டிருக்கிறது. கம்ப்யூட்டரில் தேடினால் காணோம். நண்பர் வந்து பயாஸில் எதையோ மாற்றினார். இப்போது நீலத் திரைதான் வருகிறது. கடைக்காரரிடம் சண்டை போடலாமா?

பதில்: போடலாம், தோற்பீர்கள். அந்த 8 ஜிபி மாமியாரின் சுருக்குப்பை மாதிரி. இருப்பது தெரியும், கை வைக்க முடியாது. நீங்கள் அடிக்கடி திறப்பவற்றை டிரைவின் ஃபர்ம்வேரே கவனித்து அதில் நகலெடுத்து வைத்துக்கொள்ளும். விண்டோஸுக்குத் தெரிவது ஒரே டிரைவ்தான்.

நீலத் திரையில் 7பி என்று முடியும் எண்ணோ, 'இன்ஆக்ஸஸிபிள் பூட் டிவைஸ்' என்ற வாசகமோ இருந்தால் முதல் சந்தேகம் உங்கள் நண்பர் மீது. சாட்டா மோடை ஐடிஇ-யிலிருந்து ஏஹெச்சிஐ-க்கு மாற்றியிருப்பார். பழையபடி திருப்பி வையுங்கள், விண்டோஸ் எழுந்துவிடும். ஏஹெச்சிஐதான் வேண்டுமா? விண்டோஸ் 10 என்றால் எம்எஸ்கான்ஃபிக்கில் 'சேஃப் பூட்'டை டிக் செய்து, ரீஸ்டார்ட் ஆகும்போதே பயாஸில் மாற்றுங்கள். சேஃப் மோடில் ஒருமுறை ஏறியதும் டிக்கை எடுத்துவிடலாம். நண்பருக்குக் காபி கொடுத்து ஹாலிலேயே உட்கார வையுங்கள்.

அந்த 8 ஜிபி தரும் வேகம் முதல் பூட்டில் தெரியாது. இரண்டு மூன்று முறையாவது ஆகட்டும்.

ஆமாம், அடிமூடி சரியாக மூடுகிறதா? 1 டிபி ஹைபிரிட்களில் பல 9.5 மி.மீ. தடிமன். ஒல்லி லேப்டாப்களில் 7 மி.மீ.க்குத்தான் இடம். மூடாவிட்டால் திருகைப் போட்டு அமுக்காதீர்கள். டிரைவை மாற்றித் தரச் சொல்லிக் கடைக்குப் போங்கள். வேண்டுமானால் அந்தச் சண்டையை அப்போது போடலாம்.