வரக்கோப்பி ஆறு வெள்ளி தொண்ணூறு காசு

என் அத்தை முப்பத்திரண்டு வருசம் ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழியில், மலாக்காவின் சிம்பாங் அம்பாட்டில் புதிதாகத் திறந்திருக்கும் வாழையிலைக் கடைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். கடையின் பெயர் வேண்டாம். திட்டினாலும் பெயரைப் போட்டால் அது விளம்பரம்தான். அடுத்த வாரமே கோலாலம்பூரிலிருந்து நாலு கார் கிளம்பி, நெடுஞ்சாலையில் டோல் கட்டி இறங்கி வந்து நிற்கும்.

"தோட்டத்து மணம்" என்பதுதான் கடையின் கொள்கை. வாசலில் "பெரட்டுக் களம்" என்று பலகை. இடம் காலியாகும்வரை வாடிக்கையாளர்கள் அங்கே காத்திருக்க வேண்டும். பெரட்டு என்றால் என்ன என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. விடியற்காலை இருட்டில் வரிசையாக நிற்கவைத்து, தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி பேர் கூப்பிட்டுக் கணக்கெடுப்பது. பிந்தி வந்தவருக்கு அன்றைய பேரும் இல்லை, கூலியும் இல்லை. அத்தை பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இங்கயும் பேர் கூப்புடுவாங்களாப்பா?" என்று கேட்டார். கூப்பிட்டார்கள். நம்பர் சொல்லித்தான்.

உள்ளே போனதும் ஐந்தாறு பையன்கள் ஒரே குரலில் "வணக்கம் தொரை!" என்று குனிந்தார்கள். பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். வருகிறவன் நானாக இருந்தாலும் லாரி ஓட்டுகிறவராக இருந்தாலும் தொரைதான். கூட வந்த என் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் ஒன்று, வெள்ளைக்காரத் துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற கட்டாயத்தை எடுக்க வேண்டும் என்பது. சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு, கள்ளுக்கடையை மூடு என்பவற்றோடு சேர்த்து அதையும் கேட்டார்கள். பதிலுக்குப் பட்டாளம் வந்தது, துப்பாக்கி வெடித்தது, தொழிலாளிகள் செத்தார்கள், தலைவர் ஆர்.எச். நாதனை நாடு கடத்தினார்கள். அவர்கள் உயிரைக் கொடுத்து நிமிர்த்திய முதுகை நம் ஆள் ஒருவர் "கஸ்டமர் சர்வீஸ்" என்ற பெயரில் மறுபடியும் வளைத்துவிட்டார்.

உட்கார்ந்த மேசைக்கு மேலே சுவரில் இரண்டு பால்வெட்டுக் கத்திகள், அரசாங்க முத்திரையில் வாள் வைப்பது போலக் குறுக்காக மாட்டியிருந்தன. பக்கத்தில் பால் வாளிகளைத் தோளில் சுமக்கும் ஒரு காண்டாக் கம்பு, இரண்டு வாளி, தலையில் கட்டும் விளக்கு. அத்தை அண்ணாந்து ரொம்ப நேரம் பார்த்தார். ஒரு நாளைக்கு ஐந்நூறு மரம் வெட்டிய கை. "இந்தக் கத்திய தீட்டவே இல்லப்பா. இதுல கோடு போட்டா மரம் காயம் பட்டுப் போயிரும்" என்றார். அந்தச் சுவரைப் பற்றி அதற்கு மேல் எழுதக்கூடிய விமர்சகர் இந்த நாட்டில் இல்லை.

மெனுவைக் காகிதத்தில் கேட்டால் கிடையாதாம். மேசையில் ஒட்டிய சதுரப் படத்தைக் கைப்பேசியில் பிடித்து நாமே பார்க்க வேண்டும், நாமே அழுத்த வேண்டும், நாமே அனுப்ப வேண்டும். அத்தையிடம் இருப்பது பொத்தான் வைத்த பழைய போன். "அப்ப படிக்கத் தெரியாதவங்க பசியாற வரக்கூடாதா?" என்றார். வரலாம், பேரப்பிள்ளையைக் கையோடு கூட்டிக்கொண்டு வரவேண்டும்.

திரையில் விரிந்த பட்டியல் இது: "கங்காணி செட்", "துரை பிரியாணி", "லயத்துக் கோழி". குழந்தைகளுக்கு "ஆயாக்கொட்டகை செட்". தாய்மார்கள் மரம் வெட்டப் போகும்போது கைப்பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்ட கொட்டகை, இப்போது வறுத்த கோழித்துண்டும் உருளைக்கிழங்கு வறுவலுமாக, கூட ஒரு பலூனும். பிறகு கண்ணில் பட்டது: "பாட்டி காலத்துப் பாரம்பரிய மரவள்ளி, நெத்திலிச் சம்பலுடன். பதினாறு வெள்ளி தொண்ணூறு காசு."

மரவள்ளிக்கிழங்கை எனக்கும் பிடிக்கும். மலாக்காவில் அதற்கு ரப்பரைவிட வயது அதிகம். 1896-இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டத்தைப் போடுவதற்கு முன்னால் இங்கே காட்டை அழித்துச் சீன முதலாளிகள் நட்டது மரவள்ளிதான். மண்ணை உறிஞ்சித் தள்ளிவிட்டு ரப்பருக்கு மாறினார்கள். ஆனால் எங்கள் பாட்டி அந்தக் கிழங்கைத் தின்றது பாரம்பரியத்துக்காக இல்லை. ஜப்பான்காரன் காலத்தில் அரிசி இல்லை. மூன்றரை வருசம் கிழங்கு. காலையில் கிழங்கு, மத்தியானம் கிழங்கு, ராத்திரிக்குக் கிழங்குத் தோலை வேகவைத்த தண்ணீர். கால் வீங்கிச் செத்தவர்கள் லயத்துக்கு லயம் உண்டு. அந்த நேரத்தில்தான் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேரைச் சயாம் மரண ரயில்பாதை போட அள்ளிக்கொண்டு போனார்கள். அத்தையின் பெரியப்பா அதில் ஒருவர். போனவர் போனவர்தான். கிழங்கைக் கண்டாலே பாட்டி முகத்தைத் திருப்பிக்கொள்வாராம். அந்தப் பாட்டியின் பெயரைச் சொல்லி அதே கிழங்கைப் பதினாறு வெள்ளி தொண்ணூறு காசுக்கு விற்கிறார்கள். பஞ்சத்துக்கு இந்த விலை கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் அன்றைக்கே கொஞ்சம் சேமித்து வைத்திருப்பார்கள்.

நானும் அழுத்தினேன். அழுத்தாமல் இருந்திருந்தால் இதை எழுதும் யோக்கியதை இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருந்திருக்கும்.

பாயசம் ரப்பர்ப்பால் மங்கில் வந்தது. மரத்தில் கம்பி கட்டித் தொங்கவிடும் அதே மண் மங்கு, அதே பளபளப்பு. பக்கத்து மேசையில் ஒரு பெண் அதை இலைமேல் வைத்துத் திருப்பித் திருப்பிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அத்தை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார். புது மங்குதான், நாற்றம் எதுவும் இல்லை. அவருக்கு மட்டும் அடித்தது. வாரக்கணக்கில் ஊறிய ஒட்டுப்பாலின் நாற்றத்தைச் சோப்புப் போட்டுக் கழுவியும் போக்க முடியாமல், அந்தக் கையாலேயே பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிய தலைமுறை அது.

எங்களுக்குப் பரிமாறிய பையனுக்கு இருபத்துமூன்று வயது இருக்கும். பேச்சிலேயே தெரிந்தது, அறந்தாங்கிப் பக்கம். "அப்பத்தா, இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்தட்டா?" என்று கேட்டான். அந்த ஒரு வார்த்தையில் அத்தை உருகிவிட்டார். அவருடைய அப்பா நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பலேறி வந்தவர். இவன் திருச்சியில் விமானம் ஏறி வந்திருக்கிறான். அவருக்குக் கங்காணி, இவனுக்கு ஏஜண்டு. அவருக்குக் கப்பல் கூலிக் கடன், இவனுக்கு வட்டிக்கு வாங்கிய கடன். காலையில் ஏழு மணிக்கு இறங்கினால் ராத்திரி பதினொன்றுக்குத்தான் மாடிக்கு ஏறுகிறானாம். கடைக்கு மேல் மாடியில் பதினான்கு பேர் படுக்கிறார்கள். பாஸ்போர்ட் எங்கே என்றேன். "மொதலாளிட்ட பத்திரமா இருக்குண்ணே" என்றான்.

பத்திரமாகத்தான் இருக்கும். அடுத்தவர் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வது 1966-ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். வேலைச் சட்டத்தில் வாரத்துக்கு 45 மணி நேரம் என்ற திருத்தம் 2023-இலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. உள்ளூர் ஆளுக்கும் வெளிநாட்டு ஆளுக்கும் சட்டத்தில் ஒரே கணக்கு. சட்டமெல்லாம் சுவரில் மாட்டிய அந்தக் கத்திகள் மாதிரிதான், பார்க்க அழகாக இருக்கிறது, தீட்டுவதற்கு ஆள் இல்லை.

முதலாளிகளைக் கேட்டால் ஒரே பாட்டு: உள்ளூர்ப் பிள்ளைகள் வேலைக்கு வருவதில்லை. 2018-இல் அப்போதைய மனிதவள அமைச்சர் குலசேகரன், உணவகங்களில் உள்ளூர்ச் சமையல்காரர்கள் மட்டுமே இருக்க வேண்டும் என்று சொல்லிப் பார்த்தார். இடியாப்ப உரலையே தூக்கித் தலையில் போட்டது போல உணவக உலகம் கத்தியது. சில நாளில் உத்தரவு கருத்துக் கேட்பாக இளகிவிட்டது. பிள்ளைகள் ஏன் வரவில்லை என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அலோர் காஜாவிலும் தம்பினிலும் இருக்கிற நம் பிள்ளைகள் ஜொகூர் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூரில் போய்த் தட்டுக் கழுவுகிறார்கள். தட்டுக் கழுவுவதில் அவர்களுக்கு வெட்கம் இல்லை. இங்கே கொடுக்கிற சம்பளம்தான் வெட்கக்கேடு.

இந்தக் கடை முதலாளி கெட்டவர் இல்லை என்று ஊரில் சொல்வார்கள். தோட்டத்துப் பிள்ளைதான். தீபாவளி விருந்தில் ஒலிபெருக்கியைப் பிடித்தால், "எங்கம்மா மரம் வெட்டி என்னை ஆளாக்குனாங்க" என்று ஆரம்பிப்பார், குரல் தழுதழுக்கும், நாமும் கண்ணைத் துடைத்துக்கொள்வோம். கல்லாவுக்கு மேலே அம்மாவின் படம், அதற்கு மாலை. படத்துக்குக் கீழே கேமரா. கேமரா கல்லாவைப் பார்க்கவில்லை, பையன்களைப் பார்க்கிறது.

நம்மைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் "டேய் அண்ணே!" என்று விரலைச் சொடுக்கியவர்களை எண்ணினேன், ஏழு பேர். அண்ணன் என்று கூப்பிட்டுக்கொண்டே அடிமையாக நடத்துவதற்கு ஒரு தனித் திறமை வேண்டும், அது நமக்கு ரத்தத்தில் இருக்கிறது. அப்பளம் நொறுங்கியிருந்தது என்று ஒருவர் பையனின் தாயை இழுத்தார். மேல்சட்டையில் அவர் குழுவின் பெயர்: ஏதோ தமிழர் உரிமைக் கழகம். 2024 டிசம்பரில் நம் நாட்டின் காலை உணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரேக், எல்லா இனமும் ஒரே மேசையில் உட்கார்ந்து பசியாறும் அழகு. யுனெஸ்கோக்காரர்கள் மேசைக்கு மேலே உள்ளதைத்தான் பார்த்திருக்கிறார்கள். மேசைக்குப் பக்கத்தில் நிற்பவனைப் பற்றி அந்தப் பட்டியலில் ஒரு பத்தி போட்டிருந்தால் நாம் அதற்கும் கைதட்டியிருப்போம்.

பில் வந்தது. இலைச் சாப்பாடு மூன்று, 47.70. ஆட்டுப் பிரட்டல் 22.00. பஞ்சக் கிழங்கு 16.90. இனாமல் குவளையில் அத்தை குடித்த வரக்கோப்பி 6.90. பால் வாங்கக் காசில்லாதவர்கள் குடித்த கோப்பிக்குத்தான் வரக்கோப்பி என்று பெயர். பால் ஊற்றாததற்கு இவ்வளவு விலை என்றால் சீனியும் போடாமல் கேட்டிருந்தால் வீட்டை அடகு வைத்திருக்க வேண்டும். சுடுதண்ணீர் மூன்று குவளை, தலா அறுபது காசு, 1.80. மொத்தம் 95.30. அதற்கு மேல் அரசாங்கச் சேவை வரி ஆறு விழுக்காடு, 5.72. சரி, வருசத்துக்குப் பதினைந்து லட்சம் வெள்ளிக்கு மேல் வியாபாரம் செய்கிற கடை, சட்டப்படி வாங்குகிறார்கள், போகட்டும்.

இன்னொரு வரி இருந்தது: சேவைக் கட்டணம் பத்து விழுக்காடு, 9.53. இது அரசாங்கத்துக்குப் போகிற வரி இல்லை. பாதிப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வாயை மூடிக் கட்டுகிறார்கள். பரிமாறியதற்கான காசு இது. படம் பிடித்தது நான், அழுத்தியது நான், அனுப்பியது நான். சுடுதண்ணீருக்குக்கூடப் பதினெட்டுக் காசு சேவை செய்திருக்கிறார்கள். அதைக்கூடக் கொடுத்துவிடலாம், ஓடி ஓடி ரசம் ஊற்றிய கைக்குப் போகிறது என்றால். ஹோட்டல் தொழிலாளர் சங்கம் வழக்காடி, 2021-இல் கூட்டரசு நீதிமன்றம் வரைக்கும் போய், சேவைக் கட்டணம் தொழிலாளிக்கு உரிய காசு, அதை எடுத்துக் குறைந்தபட்சச் சம்பளத்தை நிரப்பக் கூடாது என்று தீர்ப்பு வாங்கியது. அது சங்கம் இருக்கிற ஹோட்டல். மாடியில் பதினான்கு பேர் படுக்கிற கடையில் சங்கம் ஏது?

பையனிடம் மெதுவாகக் கேட்டேன், இந்தப் பத்து விழுக்காட்டில் உனக்கு எவ்வளவு என்று. அவனுக்குக் கேள்வியே புரியவில்லை. அப்படி ஒன்று பில்லில் இருப்பதே அவனுக்குத் தெரியாது. அவன் கவலை வேறு. "அண்ணே, அஞ்சு ஸ்டார் போட்டு விடுங்கண்ணே. மூணுக்குக் கீழ வந்தா அன்னிக்கு டேபிள் பாத்தவனுக்கு இருபது வெள்ளி புடிச்சிருவாங்க."

இந்த ஊரில் இனி உண்மையாக விமர்சனம் எழுத முடியாது. கடை எப்படி என்று நான் சொன்னால் தண்டம் கட்டப்போவது அறந்தாங்கிப் பையன். கண்டபடி திட்ட வேண்டும் என்று எடுத்த கைப்பேசியில் ஐந்து நட்சத்திரத்தை அழுத்தினேன். "அருமையான தோட்டத்து மணம்" என்று எழுதவும் செய்தேன். போய்ப் பார்த்தால் இன்னும் இருக்கும்.

பில்லைக் கட்ட நான் எழுந்தபோது அத்தை முந்தானை முடிச்சை அவிழ்த்து ஐந்து வெள்ளி நோட்டு ஒன்றை எடுத்தார். கேமராவை அவரும் பார்த்திருக்கிறார். மடித்த இலையை லேசாகத் தூக்கி, நோட்டை அடியில் வைத்து, பையனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அவனும் புரிந்துகொண்டு வாளியோடு வந்தான். அதற்குள் கறுப்புச் சட்டை போட்ட மேலாளர், எங்களுக்கு மரியாதை செய்வதாக நினைத்தோ என்னவோ, அவனை விலக்கிவிட்டுத் தானே இலையை எடுத்தார். நோட்டைப் பார்த்தார். துடைத்து மடித்தார்.

"அது அந்தத் தம்பிக்கு" என்றார் அத்தை.

"பரவாயில்லம்மா, எல்லாம் ஒரே பெட்டிக்குத்தான் போகுது" என்று சிரித்துவிட்டு அவர் கல்லாப் பக்கம் நடந்தார். பின்னால் பையன்கள் ஒரே குரலில், "நன்றி தொரை, மறுபடியும் வாங்க!" என்றார்கள்.