ஐகோர்ட் படியேறலாமா?

கே: ஐகோர்ட் என்பது மாவட்ட கோர்ட்டைவிடப் பெரிய கோர்ட். அவ்வளவுதானே? (விருத்தாசலம்)

ப: வேலையே வேறு. உங்களுக்கும் பக்கத்து வயல்காரருக்கும் உள்ள வரப்புத் தகராறை மாவட்டத்திலேயே முடித்துக்கொள்ளலாம். அரசாங்கத்தையே கூப்பிட்டு "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று கேட்க ஐகோர்ட்டுக்குத்தான் வரவேண்டும். அரசியல் சட்டத்தின் 226-வது பிரிவு தந்த அதிகாரம் அது. பட்டா மனுவைக் கிடப்பில் போட்ட அலுவலகத்துக்கும் பென்ஷனை நிறுத்திவைத்த துறைக்கும் இதே பிரிவில்தான் நோட்டீஸ் போகிறது. சுப்ரீம் கோர்ட்டுக்கான 32-வது பிரிவு அடிப்படை உரிமை பறிபோனால் மட்டுமே உதவும். 226 மற்ற சட்ட உரிமைகளுக்கும் நீள்கிறது. இப்படி அரசுக்கு ஆணை போடும் ரிட் விஷயத்தில் டெல்லியைவிட, சென்னை ஐகோர்ட் இருக்கும் பாரிமுனைக்குத்தான் கை நீளம்.

கே: போலீஸ் கூட்டிப்போன ஆளை எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே சொல்ல மறுத்தால்? (ஆம்பூர்)

ப: ஆட்கொணர்வு மனு. கைதான ஆளை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். தவறினால், அம்மாவோ மனைவியோ நண்பரோ மனுப் போடலாம். இரண்டு நீதிபதிகள் கேட்பார்கள். "ஆளைக் கொண்டுவந்து நிறுத்து" என்பதுதான் உத்தரவு. குண்டர் சட்டத்தில் உள்ளே போனவருக்கும் இதுவே வழி.

கே: இத்தனை நீதிபதிகளில் என் வழக்கு யாரிடம் போகும்? யார் முடிவு செய்கிறார்கள்? (திருப்பூர்)

ப: தலைமை நீதிபதி. தீர்ப்பு சொல்லும்போது அவருக்கும் மற்றவர்களைப் போல ஒரே ஒரு குரல்தான். ஆனால் ரிட் யாருக்கு, ஜாமீன் யாருக்கு, பொதுநல வழக்கு யாருக்கு என்று ரோஸ்டர் போடும் அதிகாரம் அவர் ஒருவருடையது. சென்னைக்கு அனுமதிக்கப்பட்ட இடங்கள் 75. அதில் பல காலியாகவே கிடப்பது வழக்கமாகிவிட்டது. வாய்தா மேல் வாய்தா விழ அதுவும் ஒரு காரணம், அதை நாம் சத்தமாகக் கேட்கவேண்டும்.

சாதாரண ரிட் ஒரே நீதிபதி முன் வரும். அவர் தள்ளுபடி செய்தால் அதே கட்டடத்தில் இரு நீதிபதிகள் அமர்வுக்கு அப்பீல் போகலாம். 1865-ல் விக்டோரியா ராணி கொடுத்த சாசனத்தின் 15-வது ஷரத்துதான் இன்றைக்கும் அதற்கு ஆதாரம். மாவட்டத்தில் தூக்குத் தண்டனை விதித்தால், ஐகோர்ட்டில் இரண்டு நீதிபதிகள் உறுதி செய்யாமல் நிறைவேற்ற முடியாது.

கே: மதுரைக் கிளை வந்ததால் என்ன மாறியது? (நாகர்கோவில்)

ப: உங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். 2004 ஜூலை 24-க்கு முன்னால், ராத்திரி ரயில் ஏறி 700 கிலோமீட்டர் வரவேண்டும். எழும்பூரில் இறங்கி ஒரு டீ, அங்கிருந்து பாரிமுனை. நான் பார்த்த ஒரு பாட்டி, தாழ்வாரத்துத் தூணோரம் மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பைக்குள் கேஸ் கட்டு, துணியில் பொதிந்த புளிச்சோறு. மத்தியானம் வக்கீல் வந்து "மூணு வாரம் தள்ளிப் போட்டாச்சு பாட்டி" என்றார். பாட்டி பதில் பேசவில்லை. கட்டை எடுத்துத் திரும்பவும் பைக்குள் வைத்தார், சோற்றுப் பொட்டலம் மேலே வரும்படி. அன்றைய 13 மாவட்டங்களுக்கு அந்தப் பயணத்தைக் குறைத்தது மதுரைக் கிளை. கோவைக்காரர்கள் இன்னும் சென்னைக்குத்தான் வருகிறார்கள்.

கே: வருஷத்தில் ஒருநாள் ஐகோர்ட் கேட்டை எல்லாம் இழுத்துச் சாத்துவார்களாமே? (தாம்பரம்)

ப: உண்மைதான். வளாகத்துக்குள் வருஷக்கணக்காக நடந்துபோகிறவர்கள் நாளைக்கு "இது எங்கள் பாதை" என்று உரிமை கோரிவிடக் கூடாது என்பதற்காக.

கே: சென்னை ஐகோர்ட்டின் முதல் இந்திய நீதிபதி? (கும்பகோணம்)

ப: உங்கள் தஞ்சைச் சீமைக்காரர்தான். தி. முத்துசாமி ஐயர். தெருவிளக்கில் படித்தவர் என்று சொல்வார்கள். 1893-ல் சில மாதங்கள் தலைமை நீதிபதி பொறுப்பும் பார்த்தார். நிரந்தரமாக ஓர் இந்தியர் அந்த நாற்காலியில் உட்கார 1948 ஆயிற்று, அவர் பி.வி. ராஜமன்னார்.

கே: தமிழில் வாதாட ஏன் விடமாட்டேன் என்கிறார்கள்? (சிவகங்கை)

ப: 348-வது பிரிவு ஐகோர்ட் மொழி ஆங்கிலம் என்கிறது. அதே பிரிவு, ஜனாதிபதி ஒப்புதலோடு மாநில மொழியையும் அனுமதிக்கலாம் என்கிறது. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகாரில் இந்தி அப்படித்தான் வந்தது. தமிழக சட்டசபை 2006-லேயே தீர்மானம் போட்டது. 2012-ல் சுப்ரீம் கோர்ட் நீதிபதிகள் கூடி, ஏற்பதற்கில்லை என்றார்கள். சொந்தமாக வாதாட வருகிறவர் தமிழில் பேசப் பல நீதிபதிகள் இடம் கொடுக்கிறார்கள். அது அவர்கள் பெருந்தன்மை. நான் கேட்பது உரிமை. தன் நிலத்தைப் பற்றித் தன் எதிரிலேயே அரைமணி நேரம் பேசுகிறார்கள், வக்கீல் முகம் மலர்ந்ததா வாடியதா என்று பார்த்துத்தான் ஜெயித்தோமா தோற்றோமா என்று ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டுமா?

கே: பாகப்பிரிவினை வழக்கில் முன்சீப் கோர்ட், சப் கோர்ட் இரண்டிலும் தோற்றுவிட்டேன். நகையை அடகு வைத்து ஐகோர்ட் போகலாமா? (ஒட்டன்சத்திரம்)

ப: அவசரப்படாதீர்கள். இரண்டாம் அப்பீலில் சாட்சியை மறுபடி அலச மாட்டார்கள். முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான் வழக்கை எடுத்துக்கொள்வார்கள். அப்படி ஒன்று இருக்கிறதா என்று வேறொரு வக்கீலிடம் முதலில் தீர்ப்பைக் காட்டுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு; மாவட்ட கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் எழுதிக் கொடுத்தால் போதும். அப்பீலுக்குக் கெடு 90 நாள். தீர்ப்பு நகலுக்கு நாளைக் காலையிலேயே மனுப் போட்டுவிடுங்கள்.