பூச்சியத்துக்கும் ஒரு மரியாதை

பிரிட்ஜுக்குள் தயிர்ச்சட்டி இருந்தால் அது என் கண்ணில் படாது. சாவி, சீப்பு, மின்சார பில் எல்லாம் அப்படித்தான். பத்து நிமிஷம் துழாவிவிட்டு “இல்லை” என்பேன். மனைவி வந்து, நான் நின்ற இடத்திலேயே நின்று, கையை நீட்டி எடுத்துத் தருவா. அந்தக் கையை விட அதன்பின் வரும் பார்வைதான் தாங்க முடியாதது.

இப்படிப்பட்டவனைத்தான் திமிங்கிலம் தேடக் கூப்பிட்டான் பெறாமகன். “கணக்கெடுப்புக்கு ஒராள் குறையுது சித்தப்பா. சும்மா கடலைப் பாத்துக்கொண்டிருந்தால் போதும்.” சும்மா இருப்பதில் எனக்கு முப்பது வருஷ அரசாங்க அனுபவம்.

“இஞ்சாருங்கோ, தயிரையே காணத் தெரியாத ஆள் கடலுக்குள்ள கிடக்கிறதைக் காணப்போறியளோ?”

“நீலத்திமிங்கிலம் 30 மீற்றர் வரை வளரும். உன்ரை தயிர்ச்சட்டி வளருமோ?” என்றேன். பதில் வரவில்லை. வென்றுவிட்டதாக நினைத்தேன்.

திருகோணமலைக்குத் திமிங்கிலம் புதிசில்லை. துறைமுகத்துக்கு வெளியே கடல் பள்ளத்தாக்காய் இறங்கிவிடுவதால், ஆழ்கடல் மிருகம் கரைக்குக் கிட்டவே வரும். 1980களின் தொடக்கத்தில் ஹல் வைட்ஹெட் முதலானோர் ‘ரியூலிப்’ என்ற பாய்மரப் படகில் வந்து இந்தக் கடலில் ஸ்பேர்ம் திமிங்கிலங்களை ஆராய்ந்தார்கள். கோணேசர் கோயில் மலையில் நின்றே திமிங்கிலம் கண்டவர்களும் உண்டு. நான் அங்கே போன நேரமெல்லாம் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

படகில் திசையைக் கடிகார மணியாகச் சொல்வார்கள். முனை பன்னிரண்டு, என் பங்கு பன்னிரண்டிலிருந்து மூன்று வரை. அரை மணி நேரத்தில் வெள்ளையாய் ஏதோ எழும்பியது. “ரெண்டு மணி! ரெண்டு மணி!” என்று கத்தினேன். அது அலை நுரை. படகோட்டி அண்ணை முகம் அசையாமல் கேட்டார்: “பசிக்குதோ ஐயா?”

அரை மணிக்கொருதரம் படிவம் நிரப்ப வேண்டும்: இடம், காற்று, கடலின் கொந்தளிப்பு, கண்ட திமிங்கிலம். நான் வெட்கத்தோடு பூச்சியம் போட்டேன். குழுவை நடத்திய பிள்ளை சொன்னா: “அதுவும் தரவுதான் அங்கிள். பாக்காமல் விட்ட இடமும் பாத்துக் காணாத இடமும் ஒண்டில்லை. தேடின நேரம் தெரியாட்டி, கண்ட கணக்குக்கும் பெறுமதி இல்லை.” எனக்குக் கண் கலங்கியது. கலியாணம் கட்டி இத்தனை வருஷத்தில் என் பூச்சியத்தை ஒருவரும் இப்படி மதித்ததில்லை.

திமிங்கிலம் வந்தது, அடுத்தவர் பங்கில். ஸ்பேர்ம் என்றால் மூச்சு முன்பக்கமாய் இடப்புறம் சரியும். இது தென்னை உயரத்துக்கு நேரே எழும்பியது. நீலம்! விலாவின் புள்ளிக்கோலத்தை வைத்து ஆளை அடையாளம் பிடிக்கலாம் என்று எல்லோரும் கமெராவோடு அந்தப் பக்கம் ஓடினார்கள். நான் கண்ணாடியைத் தேடினேன். நெற்றியில் இருந்தது. வால் உள்ளே போய்விட்டது.

மிஞ்சியது தண்ணீரில் செங்கல் நிறத்தில் மிதந்த மலம். சின்ன இறாலினங்களைத் தின்பதால் அந்த நிறம். 2003இல் ஆஷா டி வோஸ் இலங்கைக் கடலில் இப்படி மலம் மிதக்கக் கண்டுதான், இவை இந்தச் சூடான தண்ணீரிலேயே இரை தின்கின்றன என்று ஊகித்தார். விஞ்ஞானத்தில் அதன் பெறுமதி பெரிது. நாற்றமும் பெரிது. வலையை என் கையில் தந்தார்கள். பாதி போத்தலுக்குள் போனது, மீதி சேட்டில்.

அடுத்த நாள் வழக்கம்போல் தயிரைக் காணவில்லை. இம்முறை தலைகுனியவில்லை. ஒரு கடதாசியில் எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன்: ‘தேடிய நேரம் 10 நிமிடம். வெளிச்சம் நன்று. தயிர் 0.’

பின்னேரம் பார்த்தேன். அடியில் அவ எழுதியிருந்தா: ‘இரண்டாம் தட்டு, மூன்று மணிப் பக்கம்.’

தயிர் அங்கேதான் இருந்தது.