கேன்சல் புராணம்

துபாய் கராமாவில் சட்டை முதுகோடு ஒட்டிப்போகும் வெயிலில் நிற்கிறேன். ஆப்பில் கூப்பிட்ட டாக்சிக்காரர் போன் பண்ணுகிறார்: "சாப், ஆப் கேன்சல் கர் தோ." வரமுடியாதது அவர், கேன்சல் பண்ண வேண்டியது நான்! அவர் பண்ணினால் அவருக்குப் பேர் கெடும், நான் பண்ணினால் எனக்குக் காசு போகும். மாட்டேன் என்றேன். அவரும் பண்ணவில்லை. திரையில் குட்டிக் கார் எதிர்த்திசையில் போய்க்கொண்டே இருந்தது. இது நடந்தது நேற்று முன்தினம். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

இனி இந்தச் சொல்லை வாயில் எடுப்பதில்லை என்று முடிவுசெய்து, மாற்றாக ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடிக்கொண்டிருக்கிறேன். 'ரத்து' இருக்கிறதே என்று கிளம்பவேண்டாம், அது அரபியிலிருந்து வந்தது. இங்குள்ள அரபியிடம் போய்ச் சொன்னால் 'பதில்' என்றுதான் புரிந்துகொள்வார்.

கோபத்தில் அகராதியைப் புரட்டினேன். லத்தீனில் 'கான்செல்லி' என்றால் கிராதி. எழுதியது வேண்டாமென்றால் அந்தக் காலத்து எழுத்தர்கள் அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு இழுப்பார்களாம். அது கிராதி மாதிரி இருக்கும். அப்படிப் பிறந்த வினைச்சொல், பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. நீதிமன்றக் கிராதியண்டை நின்ற சேவகன் 'கான்செல்லாரியுஸ்'. அவன்தான் பதவி உயர்ந்து உயர்ந்து சான்சலர் ஆனான். ஆக, நம்மூர்ப் பல்கலைக்கழக வேந்தரும் கேன்சலும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். பட்டமளிப்பு விழாவுக்குக் காத்துக் கிடந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. நம் பழைய வீட்டுத் திண்ணைக் கம்பிக்கும் 'அழி' என்றுதான் பெயர். தற்செயல்தான், மொழியியலாளர்கள் கம்பைக் கீழே போடவும்.

ஊரில் டிக்கெட் கேன்சலாகும், மழை வந்தால் கிரிக்கெட் கேன்சலாகும். இங்கே வேலை முடிந்து ஊருக்குப் போனால் ஆளே கேன்சலாவான். "நம்ம சேகர் எங்கேப்பா?" "அவன் கேன்சல்ல போய்ட்டானே!" கேட்டவர் பதறுவதில்லை. "அப்படியா, கட்டில் காலியா இருக்கா?" என்பார். சவூதியில் இதே சங்கதிக்கு 'எக்ஸிட் அடிச்சாச்சு'. அது கொஞ்சம் கௌரவமாக, நாடகத்தில் ராஜா உள்ளே போவதுபோல் இருக்கிறது.

குடும்பஸ்தன் நிலைமை இன்னும் விசேஷம். மனைவி மக்கள் விசா அவன் பேரில் இருந்தால், முதலில் அவர்களைக் கேன்சல் பண்ணிவிட்டுத்தான் அவன் கேன்சலாக முடியும். வழியனுப்பு விருந்துகளில் நடக்கும் பேச்சைக் கேட்கவேண்டும்.

"அண்ணியை எப்பண்ணே கேன்சல் பண்றீங்க?"

"பதினஞ்சாம் தேதிக்குள்ள பண்ணிடணும்டா."

"சின்னவளை?"

"அவளையும் அம்மாகூடவே பண்ணிடலாம். பெரியவனுக்குப் பரீட்சை இருக்கு, முடிஞ்சப்புறம் பண்ணிக்கலாம்."

"வேற கம்பெனியில கிடைச்சா?"

"அப்ப கேன்சல் வேணாம், இவளை ஹோல்ட்ல போட்டுடலாம்."

அண்ணி பக்கத்தில் நின்று இதே இளைஞனுக்கு இரண்டாம் தடவை பிரியாணி வைத்துக்கொண்டிருப்பார். "தயிர்ப்பச்சடி போடவா தம்பி?" என்பார். ஒருத்தராவது அதிர்ந்துபோக வேண்டாமா? அண்ணியே அடுத்த வீட்டுக்காரியிடம், "என்னை வியாழக்கிழமை கேன்சல் பண்றாங்க, அதுக்குள்ள அந்த இட்லிப் பானையை வாங்கிக்கோ" என்கிறார். சுயமரியாதை இயக்கம் கண்ட நாட்டுப் பெண்மணி!

முன்பெல்லாம் விசா என்று பாஸ்போர்ட்டில் ஒரு ஸ்டிக்கராவது இருந்தது. அதன்மேல் கேன்சல் முத்திரை விழும், ஊருக்குப் போய்ப் பேரனுக்குக் காட்டலாம். அமீரகத்தில் 2022இல் ஸ்டிக்கரையும் நிறுத்திவிட்டார்கள். இப்போது கோடு இழுக்கக்கூடக் காகிதம் இல்லை. தொழிலாளர் கார்டுக்கு ஒரு கேன்சல், விசாவுக்கு ஒரு கேன்சல், எல்லாம் கணினிக்குள்ளேயே நடக்கிறது. நடுவில் 'பாக்கி எல்லாம் பெற்றுக்கொண்டேன்' என்று ஒரு கையெழுத்து. முதல் ஐந்து வருஷத்துக்கு, வருஷத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் கிராஜுவிட்டி. பணம் கைக்கு வருமுன்னே கையெழுத்துப் போட்ட புண்ணியவான்களும் உண்டு.

இதில் எழுத்துக்கூட்டல் வேறு. 'கேன்சல்டு' என்பதற்குப் பிரிட்டிஷ்காரனுக்கு இரண்டு எல், அமெரிக்கனுக்கு ஒன்று. 'கேன்சலேஷன்' என்றால் மட்டும் இருவருக்குமே இரண்டு. டைப்பிங் சென்டரில் ஒரே தாளில் இரண்டு மாதிரியும் அடித்துக் கொடுத்தார்கள். எது சரி என்று கேட்டேன். உள்ளேயிருந்த மலையாளத் தம்பி தலையைத் தூக்காமலே சொன்னார்: "சேட்டா, எல் எத்தனை போட்டாலும் ஃபீஸ் ஒண்ணுதான்."