இரண்டு அங்குலம்

கமான் பட்டைகள் நான்கும் முதுகு தளர்ந்து, ஆள் ஏறி உட்கார்ந்தாலே முனகத் தொடங்கிவிட்ட தம் பழைய மஹிந்திரா ஜீப்பை இரண்டு அங்குலம் உயர்த்துவதா வேண்டாமா என்ற பிரச்னைக்கு, என் நண்பர் தம் மூத்த குமாரத்தியின் விவாகத்துக்குக்கூடச் செய்யாத தீர்க்காலோசனையை மூன்று மாதமாகச் செய்து வருகிறார்.

உயர்த்தினால் காட்டுப் பாதையில் கல் தட்டாது என்பது அவர் கட்சி. கமானைத் தூக்கினால் மேலெழுவது வண்டியின் உடல்தானே ஒழிய, கல்லை முதலில் சந்திக்கிற டிஃபரென்ஷியல் உருண்டை அச்சோடு அச்சாக இருந்த இடத்திலேயே இருக்கும், அதை உயர்த்த வல்லது பெரிய டயர் ஒன்றே என்று மெக்கானிக் பணிவோடு விண்ணப்பித்தபோது, "அப்படியானால் டயரையும் மாற்றிவிடுவோம்" என்று நண்பர் அனுக்கிரகித்தார். டயர் பெருத்தால் எஞ்சினுக்குப் பளு கூடும், ஸ்பீடாமீட்டர் வேகத்தைக் குறைத்துச் சொல்லும். உடல் உயர்ந்தால் புரொப்பெல்லர் ஷாஃப்டின் சாய்வு மிகுந்து கிராஸ் தேயும், பிரேக் ஹோஸ் இழுபடும், வளைவுகளில் கவிழும் சுபாவமும் சித்திக்கும். பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்தலாகாது என்கிறது 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. (சட்டம் எப்போதும் கடைசியில்தான் நம் ஞாபகத்துக்கு வரும்.) தளர்ந்த பட்டைகளை மாற்றினாலே வண்டி தன் பூர்வ உயரத்தை அடைந்துவிடும் என்ற எளிய யோசனை, எளிமையாக இருந்த ஒரே குற்றத்துக்காக நிராகரிக்கப்பட்டது.

பதினோரு வருஷங்களில் அந்த ஜீப் ஏறிய அதிபயங்கரச் சிகரம் தெருமுனை வேகத்தடைதான் என்பதை நான் மெல்ல நினைவூட்டினேன்.

"அதையும் போன வாரம் உயர்த்திவிட்டார்களே, ஐயா!" என்றார், குரலில் வெற்றி தொனிக்க.