ஷீட் பைல் சுவரைச் சாய்ப்பது எப்படி?

எஃகுத் தகடுகளை ஒன்றோடொன்று கோத்துத் தரையில் வரிசையாக அடித்து இறக்கி, மண்ணையும் தண்ணீரையும் மறித்து நிறுத்துகிறார்களே, அந்தச் சுவரைச் சாய்க்க ஆசைப்படுபவர்களுக்கு முதல் ஆலோசனை: துருவை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். 1902-இல் ஜெர்மனியின் பிரெமன் துறைமுகத்தில் லார்சன் என்ற பொறியாளர் இறக்கிய தகடுகள் நூறாண்டு தாண்டியும் வேலை பார்த்தன. கலையாத மண்ணுக்குள் நூறு வருடத்தில் 1.2 மில்லிமீட்டர் தேயும் என்பது ஐரோப்பிய விதிநூல் கணக்கு. கடலலை தெறிக்கும் இடத்தில் 7.5 மில்லிமீட்டர். கொஞ்சம் ஆசை காட்டுகிறது, ஆனாலும் நம் ஆயுளுக்குள் ஆகிற காரியமில்லை.

எஃகு வாங்குவதில் கஞ்சத்தனம் வேண்டாம். கனமான, உயர்ந்த ரகமாகவே எடுங்கள். மேலதிகாரி வந்தால் வளைவு வலிமைக் கணக்கை நீட்டுங்கள், மனம் குளிர்ந்து போய்விடுவார். உங்கள் வேலை மண்ணுக்குள்ளே இருக்கிறது. புதைந்த பகுதியை முன்பக்கத்து மண் முட்டுக்கொடுப்பதால்தான் சுவர் நிற்கிறது. அந்த மண்ணை இன்னும் ஒரு மீட்டர் தோண்டி எடுங்கள். எடுத்ததைப் பின்பக்க விளிம்பிலேயே குவித்து, பக்கத்தில் ஜல்லி லாரியையும் நிறுத்துங்கள். ஊற்றுநீர் வடிய ஓட்டை விட்டிருந்தால் அடைத்துவிடுங்கள். சுவரைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்க நங்கூரம் கேட்டால், அதைச் சுவரை ஒட்டியே புதையுங்கள். மண் சரியும்போது அதுவும் கூடவே வந்துவிடும்.

இதெல்லாம் சில்லறை வேலை. பெரிதாகச் செய்ய நினைப்பவர்கள் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து 17-வது தெருக் கால்வாயைப் படிக்க வேண்டும். அங்கே மண்கரையின் உச்சியில் தகடுகளை இறக்கி, மேலே கான்கிரீட் சுவர் எழுப்பியிருந்தார்கள். எவ்வளவு ஆழம் இறக்குவது? அதற்கு முறைப்படி சோதனையே நடந்தது. 1985-இல் ராணுவப் பொறியாளர் படை லூசியானாவின் அட்சாஃபலாயா பகுதியில் ஒரு மாதிரிச் சுவர் கட்டித் தண்ணீர் நிரப்பிப் பார்த்தது. சுவர் லேசாகச் சாய்ந்தது; தகட்டுக்கும் மண்ணுக்கும் நடுவே இடுக்கு விழுந்தது. அந்த இடுக்கில் தண்ணீர் இறங்கினால் தகட்டை ஆழம் வரை நெட்டித் தள்ளும். கவனிக்க வேண்டிய விஷயம் அது ஒன்றுதான். ஆனால் கசிவைத் தடுக்க அங்கே ஒரு தார்ப்பாய் விரித்திருந்தார்கள். இடுக்கு அதன் அடியில் போய்விட்டது.

சோதனையே செய்யாமல் இருந்தால் நாலு பேர் கேள்வி கேட்பார்கள். செய்யுங்கள், பார்க்க வேண்டிய இடத்தில் மட்டும் தார்ப்பாய் போடுங்கள்.

31 முதல் 46 அடி வரை இறக்க வேண்டிய தகட்டுக்கு 17 அடி போதும் என்று முடிவானதாகவும், அதில் சுமார் 10 கோடி டாலர் மிச்சமானதாகவும் பிற்பாடு ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். 17-வது தெருவில் தகட்டின் நுனி கால்வாயின் தரைமட்டத்தைக்கூட எட்டவில்லை.

2005 ஆகஸ்ட் 29. கத்ரினா புயல். தண்ணீர் சுவரின் உச்சியைத் தொட இன்னும் சில அடி பாக்கி இருக்கும்போதே இடுக்கில் இறங்கியது. அடியில் இருந்த இளகிய களிமண் வழுக்கி, கரையையும் சுவரையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போனது.

சாய்ந்த பிறகு, தண்ணீர் மேலே வழிந்துதான் உடைந்தது என்று உடனே அறிவியுங்கள். அங்கேயும் முதலில் அப்படித்தான் சொன்னார்கள். அது எடுபடாவிட்டால் காண்டிராக்டர் இருக்கவே இருக்கிறார். ஒலியலை வைத்துச் சோதித்ததில் தகடுகள் குட்டை என்று தெரிந்தபோது எல்லோருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். டிசம்பரில் அவற்றைப் பிடுங்கி அளந்தார்கள். வரைபடத்தில் இருந்த நீளம் அப்படியே இருந்தது! நம்மூர் ஆட்களுக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனால் யாரும் ஒரு சாண்கூடத் திருடவில்லை. குட்டையாக இருந்தது வரைபடம்தான்.

வழக்கும் போட்டார்கள். 2008 ஜனவரியில் நீதிபதி பொறியாளர் படையைக் கடுமையாகச் சாடிவிட்டு, 1928-ஆம் ஆண்டு வெள்ளத்தடுப்புச் சட்டம் அதற்கு விலக்கு அளிப்பதால் வழக்கைத் தள்ளுபடி செய்தார். உங்கள் பக்கமும் அப்படியொரு சட்டம் இருக்கிறதா என்று முதல் தகட்டை இறக்கும் முன்பே வக்கீலிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.